பாறை மாதிரி ஐஸ்

சுகந்தியின் கணவன் வேலவன் மீன் பிடிக்கப் போகிறானாம். அதனால் ஒரு வாரமாக ஃப்ரீசர் முழுக்க அவன் உறையவைத்த ஐஸ் பாளங்கள். அவள் உரித்துவைத்த பட்டாணிக்குப் பக்கத்து வீட்டில் அடைக்கலம்.

“ஆர்.ஓ. தண்ணியைக் கொதிக்க வெச்சு ஆற வெச்சு ஊத்தணும், சுகந்தி. அப்பத்தான் சீக்கிரம் கரையாது.”

“செத்த மீன் தண்ணியா குடிக்கப் போகுது?”

இதுவரை வீட்டுக்கு ஒரு செதில்கூட வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

சனிக்கிழமை விடிந்ததும் நண்பன் ஆரிப்பின் காரில் கங்கைக் கரைக்குக் கிளம்பினான். மறுநாள் மதியம் போன் வந்தது.

“ஏதாவது கிடைச்சுதாங்க?”

“ஏதாவதா? நாலு பெரிய மீன். ஐஸ் பெட்டியில இடமே இல்லை.”

“அச்சா. இந்த வெயில்ல ஐஸ் கரையலையா?”

“செஞ்சது யாரு? இப்பத்தான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பாறை மாதிரி கிடக்கு.”

செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், அவன் காரில் ஏற்ற மறந்து விட்டுப்போன பெட்டியைத் திறந்து, சுகந்தி மோர் பாட்டிலை எடுத்துக்கொண்டாள்.

“ஐஸ் விஷயத்துல நீங்க சொல்றது சத்தியமான உண்மைங்க. இன்னும் கரையவே இல்லை.”