முப்பத்தாறு வீட்டு ஓட்டு

"ஓட்டுப் போட்டுட்டீங்களா? போனைக் காட்டுங்க. காட்டினாத்தான் கதவு மூடும்!"

லிப்ட் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு கறாராக நின்றார் குடியிருப்புச் சங்கத்தின் செகரட்டரி. உள்ளே அகப்பட்டிருந்த நாலு பேரும் பயந்துபோய் போனை நீட்டினார்கள். ஓரமாக நின்ற டிரைவிங் மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை பாடும் அவர் மனைவிக்காக.

நாட்டுக்கு நாடு தனித்தனியாக நடக்கும் பிரபலமான டிவி பாட்டுப் போட்டி அது. இந்த நாட்டின் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டாள் மாஸ்டரின் மனைவி. மூன்று மாதமாக வாசம் போட்டியாளர் விடுதியில்தான். ஜெயித்தால் ஆறு மாதம் வெளிநாட்டில் பயிற்சி, அப்புறம் உலகச் சுற்று. ஓட்டுப் போட இன்று மாலை ஆறு மணிதான் கெடு.

இது அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. பதினோரு வருடமாக விடிகாலை நாலரைக்கு எழுந்து, ஒரே வரியை நாற்பது தடவை பாடிப் பழகுவாள். காய்ச்சலில்கூட விட்டதில்லை. நாளெல்லாம் கற்றுக்குட்டிகளின் ஹாரனைக் கேட்டுப் பழகிய மாஸ்டருக்கு அது தாலாட்டு.

பக்கத்து வீட்டு நர்ஸ் மூச்சிரைக்க வந்தாள். "அண்ணே, என் வார்டு மொத்தமும் போட்டாச்சு. ரெண்டு கையிலயும் கட்டுப் போட்டவருக்குக்கூட நானே விரலைப் பிடிச்சு அமுக்கிட்டேன்!"

மேல்வீட்டுக் கணக்கு வாத்தியார் அக்கறையாக விசாரித்தார். "ஆறு மாசமும் அங்கேயேதானா? நடுவுல லீவு எதுவும் இல்லையா?"

"இல்ல சார்."

"அடடா, கஷ்டம்தான்" என்றபடி மருமகளின் போனையும் வாங்கி ஓட்டைப் போட்டார் அவர்.

மாஸ்டர் நெகிழ்ந்துபோனார். உடனே மனைவிக்குப் போன் போட்டு, யார் யார் என்ன செய்தார்கள் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். மறுமுனையில் அவள் விசும்புவது கேட்டது.

ஏழு மணிக்குக் கீழ்த்தளக் கூடத்தில் முப்பத்தாறு வீடும் டிவி முன்னால் கூடிவிட்டது. நிகழ்ச்சி நடத்துபவர் வழக்கம்போல் இழுஇழு என்று இழுத்துவிட்டு, கடைசியில் அவள் கையைத்தான் உயர்த்தினார். கூடம் அல்லோலகல்லோலப்பட்டது. செகரட்டரி மாஸ்டரைக் கட்டிப்பிடித்துத் தூக்கியேவிட்டார்.

"இந்தப் பாசத்துக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போறேனோ!" மாஸ்டர் வெட்கத்தை விட்டு அழுதார்.

டிவியில் அவளும் அழுதுகொண்டிருந்தாள். "எங்க குடியிருப்புல எல்லாரும் எனக்காக அலையா அலைஞ்சாங்கன்னு வீட்டுக்காரர் சொன்னார். அப்பேர்ப்பட்ட மனுஷங்களை விட்டுட்டு என்னால வெளிநாடு போக முடியாது. ரெண்டாவதா வந்த தங்கச்சி போகட்டும். நான் நாளைக்கே வீட்டுக்கு வர்றேன். தினமும் விடிகாலையில எங்க வீட்லயே அம்பது பிள்ளைங்களுக்கு இலவசமா பாட்டுச் சொல்லித் தரப் போறேன்!"

மாஸ்டர் படபடவென்று கைதட்டினார். கூடத்தில் வேறு யாரும் தட்டவில்லை. குழப்பத்தோடு திரும்பிப் பார்த்தார். நர்ஸ் நெற்றியில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

செகரட்டரி மெல்ல வந்து மாஸ்டரின் தோளைத் தொட்டார்.

"மாஸ்டர்... போட்ட ஓட்டைத் திரும்ப வாங்க முடியுமா?"