பத்து சென்டிமீட்டர்

நோயாளியின் வயிற்றை விரித்துப் பிடித்திருந்த தானியங்கி ரிட்ராக்டர் பத்து சென்டிமீட்டருக்கு மேல் அகல மறுத்தது. கல்லீரலுக்குப் பின்னால் ரத்தம் பொங்கியது. எங்கிருந்து என்று தெரியவில்லை.

“இன்னும் ரெண்டு சென்டி திறங்க!” என்று டாக்டர் நஸ்ரீன் கத்தினார்.

“திறக்காது மேடம். இந்த உடம்புக்குப் பத்து போதும்னு அதுவே முடிவு பண்ணிடுச்சு,” என்றான் அந்த இயந்திரத்தை விற்றுவிட்டு மூலையில் நின்ற கம்பெனிக்காரன்.

தியேட்டர் நர்ஸ் புஷ்பலதா பல்லைக் கடித்தாள். பழைய கைக்கொக்கி ஒன்றை எடுத்து, இயந்திரத்துக்குப் பக்கத்தில் செருகி, சதையை இழுத்துப் பிடித்தாள். கிழிந்த ரத்தக்குழாய் கண்ணில் பட்டது. டாக்டர் தைத்து முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை இழுத்துப் பிடித்திருந்த புஷ்பலதாவின் கை மரத்துப்போனது. நோயாளி பிழைத்தார்.

கம்பெனிக்காரன் இயந்திரத்தின் திரையைக் காட்டிச் சிரித்தான்.

“பாத்தீங்களா சிஸ்டர்? பத்து சென்டிலயே ஆபரேஷன் சக்சஸ். மெஷின் கத்துக்கிச்சு. எங்க மத்த மெஷினுக்கெல்லாம் இது போயிடும். நாளையிலேருந்து எந்த ஆஸ்பத்திரியிலயும், யாருக்கும் பத்துக்கு மேல திறக்காது.”

“நான் இழுத்துப் புடிச்சது அதுல எங்கய்யா இருக்கு?”

“உங்க கையில சென்சார் இல்லையே சிஸ்டர்.”

ரத்தம் காயாத கொக்கியை அவன் கையில் திணித்தாள் புஷ்பலதா.

“அப்ப நாளைக்கு அத்தனை ஆஸ்பத்திரியிலயும் நீயே போய் நின்னு இழு.”