நெட்டை மார்த்தா தூக்கும் சப்பரம்

வேப்பம்பட்டு மாதா கோயில் வாசலில் அந்தி வெளிச்சம் மங்க, சீரியல் பல்புகள் கண் சிமிட்ட, பெண்கள் நால்வர் தோளில் சப்பரம் எழுகிறது. முன்பக்கம் மார்த்தா. போலந்திலிருந்து ஊழியம் செய்ய வந்தவள், கன்னியாஸ்திரி இல்லை. ரயில்வே சிக்னல் கம்பத்தைவிட அரையடிதான் குட்டை. மற்ற மூவரும் அவள் இடுப்பளவு. தூக்கியதுமே மாதா சாய்கிறாள், மல்லிகைச் சரம் வழிகிறது, திருவள்ளூர் வரைக்கும் கேட்கக் கூட்டம் அலறுகிறது.

"இன்னாக்கா, மாதாவ கவுத்துடப் போற! போன வருசம் மாறி போட்டோ புடி, போதும்," என்கிறாள் பக்கத்தில் தூக்கும் சகாயமேரி.

"போட்டோ நீ புடி. நா தூக்கத்தான் வந்துகீறேன்," என்கிறாள் மார்த்தா, சகாயமேரியிடமே கற்ற தமிழில்.

முழங்காலை மடக்குகிறாள். மாதா நிமிர்கிறாள். பேண்டு முழங்குகிறது. மடக்கிய காலோடு முதல் தெரு முழுக்க நடக்கிறாள். வழியும் வியர்வையில் கூவமே நிரம்பிவிடும்.

"வலிக்குதாக்கா?"

"வலிக்குது. நட."

சகாயமேரி அவளை ஒரு கணம் முறைக்கிறாள். பிறகு பின்னால் இருப்பவர்களைப் பார்த்து, "எக்குங்கடி!" என்கிறாள்.

மூவரும் குதிகாலைத் தூக்குகிறார்கள். மார்த்தாவின் முழங்கால் ஓர் அங்குலம் நிமிர்கிறது. சப்பரம் இரண்டாம் தெருவுக்குள் திரும்புகிறது.