கடைசி ஸ்லைட்

கடல் ஞாபகம் வந்தால் நீக்கிலாஸ் வீட்டுச் சுவரில் ஸ்லைட் படங்கள் காட்டுவார். பிரெடெரிசியா நகரில் குடியேறுமுன் உல்லாசக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். 1985 ஈஸ்டர் மத்தியானமும் காட்டினார். தென்முனைத் தீவொன்றில் கழிந்த ஒரு பகல்: பென்குயின்கள், கடல்யானைகள், துருவேறிய திமிங்கில எண்ணெய்த் தொழிற்சாலை. கடைசியில் திமிங்கில வேட்டைக்காரரின் கல்லறைகள்.

"செபம் சொன்னன். வெளிக்கிடேக்கை பழக்கத்திலை 'போயிட்டு வாறன்' எண்டும் சொல்லிப்போட்டன்," என்று சிரித்தார்.

"இந்தப் படத்தை ஆர் எடுத்தது?" என்று மனைவி றோஸ் கேட்டாள்.

"நான்தான். அங்கை வேறை ஒருத்தரும் இல்லை."

றோஸ் சுவருக்குக் கிட்டப் போனாள். படத்தில் கல்லறையருகே நீக்கிலாஸ் நின்றிருந்தார். அவள் நேற்றுப் பின்னி முடித்து, அவருக்குக் காட்டாமல் அலுமாரியில் வைத்த நீலச் சுவெட்டரைப் போட்டிருந்தார்.