நான்கு கையெழுத்து

இந்தோனேசியாவின் தொமொஹோன் ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கிறிஸ்தவ சமயப் பாடம் எடுப்பவள் நான். பிள்ளைகள் ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போய், பிரசங்கத்தை நோட்டில் சுருக்கி எழுதி, போதகரிடம் கையெழுத்து வாங்கி வந்தால்தான் மதிப்பெண்.

நோட்டில் நான்கு கையெழுத்து குறைகிறது என்று நான் அனுப்பிய கடிதத்தைப் பிடித்தபடி போதகர் லுமிந்தாங் கொதித்துக்கொண்டு வந்தார்.

"என் மக கிரேசியாவுக்கே நாலு கையெழுத்து இல்லையா? முன்வரிசையில உக்காந்து கேக்குற புள்ள டீச்சர் அது."

"இருக்கட்டும் ஐயா. கையெழுத்து இல்லாம மார்க் போட முடியாதே."

"வீட்டுப் பிள்ளைதானேன்னு விட்டிருப்பேன். குடுங்க."

ஒரு நோட்டை எடுத்து, கையெழுத்தில்லாத பக்கங்களைத் திறந்து வைத்தேன். தேதியைக்கூடப் பார்க்காமல் நான்கிலும் கையெழுத்திட்டார்.

"இப்ப திருப்திதானே?"

"ரொம்ப. கிரேசியா நோட்டுல எல்லாக் கையெழுத்தும் முன்னாடியே இருக்கு ஐயா. அவ பாஸ்."

"அப்ப இது யாரோடது?"

"என் மக நோவிதாவோடது. டெங்குல ஆஸ்பத்திரியில கிடந்த நாலு ஞாயித்துக்கிழமைக்குக் கையெழுத்துக் கேட்டு வந்தவளை, 'வராத பிள்ளைக்குப் பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன்'னு சபையே கேக்கத் திட்டி அனுப்பினீங்களே, அவளேதான். இந்த ஞாயிறு இந்த நோட்டோட அதே சபைக்கு வரோம்."