நெட்டை லென்ஸும் மீன்கொத்தியும்

குண்டுக் கேமராவின் ஃபிலிம் சுருளில் ஒரே ஒரு படம்தான் மிச்சம். ஏரியின் அக்கரையில் உட்கார்ந்திருந்த மீன்கொத்திக்கென்றே அதை ஆசையாக வைத்திருந்தது.

"என்னை மாட்டுங்கண்ணே. கொஞ்சம் நடந்து கிட்டப் போனா, முகம் பளிச்சுன்னு விழும்" என்றது குட்டை லென்ஸ்.

"எதுக்கு நடக்கணும்? அக்கரையையே இழுத்து வந்து உங்க மடியில போடுறேன்" என்றது நெட்டை லென்ஸ்.

கேமரா சொக்கிப்போய் நெட்டையையே மாட்டிக்கொண்டது. ஆனால் அக்கரையில் பறவையைக் காணோம். நெட்டை லென்ஸ் அங்கே மரம் மரமாகத் துழாவியது.

"அண்ணே, அது உங்க மூக்கு மேலதான் உக்காந்திருக்கு!" என்று பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக் குட்டை லென்ஸ் கத்தியது.

கேமரா குலுங்கிச் சிரிக்க, மிரண்ட பறவை கண்ணாடிக்கு முன்னால் இறக்கையை விரிக்க, பொத்தான் தானாக அழுந்திவிட்டது. படம் முழுக்க வெறும் நீலம்.

"வானமா?" என்று கேட்பவர்களிடம் கேமரா இன்றைக்கும் பூரித்துப்போய்ச் சொல்கிறது: "மீன்கொத்திங்க! இதைவிடக் கிட்டத்துல எவன் எடுத்திருக்கான்?"