மெஸ் பில்

"அப்படி என்னத்தத்தான் திங்கிறாய்ங்க?"

அலங்காநல்லூரில் பஸ் ஏறியதிலிருந்து விருமாண்டி இதையேதான் கேட்டுக்கொண்டு வந்தார். மதுரையில் படிக்கிற மகன் பேயாண்டியின் ஹாஸ்டல் மெஸ் பில், ஆறே மாசத்தில் தொண்ணூறிலிருந்து நூற்றுப் பத்து ரூபாய்க்கு ஏறிவிட்டது. மழை பொய்த்த வருசம்கூட மனிதர் இவ்வளவு புலம்பியதில்லை. இன்றைக்கு வார்டனை நறுக்கென்று நாலு கேள்வி கேட்காமல் திரும்புவதில்லை.

பேயாண்டிக்கான கடலை மூட்டையைச் சுமந்து வந்த சங்கிலி, பஸ்ஸை விட்டு இறங்கியதும் மெதுவாக வாயைத் திறந்தார். விருமாண்டியின் தோட்டத்தில் கூலி வேலை அவருக்கு.

"அய்யா, கூலில ஒரு ரூவா கூட்டித் தரச் சொல்லிக் கேட்டேனே. எம் பயலும் இந்தக் காலேஜ்லதான படிக்கிறான்."

"உம் மகனுக்குத்தான் சர்க்கார் பணம் குடுக்குதுல்ல? எனக்கு யாரு குடுக்குறா? மொதல்ல இந்த மெஸ் பில்லு எறங்கட்டும். அப்பறம் கூலியப் பாப்போம்."

ஆறு மாசமாக இதே பதில்தான். ஏன்டா கேட்டோம் என்று சங்கிலிக்கு வெட்கமாகப் போயிற்று. மூட்டையோடு ஹாஸ்டல் வாசலிலேயே நின்றுகொண்டார்.

விருமாண்டி உள்ளே போய் வார்டன் முன்னால் பில்லை நீட்டினார்.

"என்ன சார் இது? நாங்க பிள்ளைகளப் படிக்க வைக்கிறதா, வேணாமா?"

"அரிசி, வெறகு வெலை ஏறுனது பாதிங்க. மாசச் செலவைப் பயலுகளுக்குள்ள பங்கு போட்டுத்தான் பில் போடுறோம். மீதி ஏறுனதுக்குக் காரணம், அஞ்சு பேரு கட்ட முடியாம நிக்கிறாங்க. அவங்க பங்கையும் நாங்களே சேர்த்துக் கட்டுறோம்னு மத்த பயலுக எழுதிக் குடுத்துட்டாங்க. மொதக் கையெழுத்து உங்க மகன்தான்."

விருமாண்டிக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது.

"நான் வெயில்ல கெடந்து சம்பாரிக்கிறது கண்டவன் திங்கவா? அந்த அஞ்சு பேரு பேரையும் அடிச்சு விடுங்க."

"அடிச்சா மூட்டையக் கட்டிக்கிட்டு ஊருக்குத்தான் போவாங்க. படிப்பு அம்புட்டுத்தான்."

"போகட்டும்."

வார்டன் மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார்.

"இந்தப் பயதான் மொத ஆளு. படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க, அடிச்சிடுறேன்."

விருமாண்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

'ஐயா, சர்க்கார் உதவித்தொகை இன்னும் வரவில்லை. என் அப்பாவுக்குக் கூலி ஏறியதும் பாக்கியை முழுசாகக் கட்டிவிடுகிறேன். இப்படிக்கு, பால்பாண்டி, தகப்பனார் பெயர் சங்கிலி, அலங்காநல்லூர்.'